வாசலில் நிற்பவள்

அன்புள்ள ஆரபியின் அப்பாவுக்கு,

இந்த இங்கிலாந்துக் குளிரிலும் நான் சுகம். உங்கள் முதுகு நோ குறைந்ததா? பிள்ளை இரவில் இருமுகிறாளா? மறைக்காமல் எழுதுங்கள்.

இங்கே முதியோர் இல்லத்தில் என்னோடு வேலை செய்யும் பெட்டைப் பிள்ளை ஒருத்தி, இளம் பிள்ளைகள் வாசிக்கும் இரத்தக் காட்டேரிக் கதை ஒன்று தந்தாள். மொத்தம் ஐந்து புத்தகம். நான் இரண்டாவதில் நிற்கிறேன். பயந்துகொண்டுதான் திறந்தேன். ஆனால் கனவுக்குள் நடப்பதுபோல இருக்கிறது. வயது பதினேழிலேயே நின்றுபோன ஒருத்தி, பனிமூட்டத்தில் தன் சொந்த வீட்டு வாசலுக்கு வருகிறாள். உள்ளிருந்து யாராவது கூப்பிடாமல் அவளால் படி தாண்ட முடியாது. அந்தப் பக்கத்தையே மூன்று நாளாக வாசிக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் ஆரபி உங்கள் தோளுக்குப் பின்னால் ஒளிந்து, "அப்பா, உது ஆர்?" என்றாளே. "கொம்மாவெல்லே, உன்ரை அம்மா, மறந்திட்டியே?" என்று நீங்கள் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். சின்னப் பிள்ளைதானே.

அவள் பாதத்தைக் கடதாசியில் வைத்துப் பென்சிலால் சுற்றிக் கீறி அனுப்புங்கள், சப்பாத்து வாங்க. நான் வீட்டில் உடுத்த பழைய சோட்டி ஒன்றை, என் மணம் போகாமல், தோய்க்காமல் அவள் தலையணைக்குக் கீழே வையுங்கள்.

இல்லத்து முதியவர்கள் மணி அடிக்கிறார்கள், ஓடவேண்டும். சித்திரையில் வந்து நம் படலையில் நிற்பேன். நீங்கள் திறக்கவேண்டாம். "உள்ளுக்கை வாங்கோ அம்மா" என்று அவள் கூப்பிடட்டும். அதுவரை வெளியிலேயே நிற்கிறேன்.

உங்கள்
தனுஷிகா