மேனேஜரின் தட்டு

பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

இந்நேரத்தில் எழுத உட்கார்ந்ததற்கு மன்னித்துக்கொள். பாப்பா இப்போதுதான் கண்ணை மூடினாள். அவருக்கு நைட் ஷிஃப்ட். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் என்னைத் திட்டாதே, மடியில் ஒரு பூனை படுத்திருக்கிறது.

ஆமாம், பூனைதான். நீ தீவு ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போனபோது இந்த வீட்டில் உன் நாய் மேனேஜர் மட்டும்தான் இருந்தான். இப்போது ஒற்றைக்கண்ணியும் இருக்கிறாள். நம் நாய் டாக்டரின் கம்பவுண்டர் கொண்டுவந்து விட்டார். "ரெண்டே நாள்மா, வளர்க்க ஆள் கிடைச்சதும் எடுத்துக்கிறேன்" என்றார். மூன்று வாரம் ஆகிறது. ஆளையும் காணோம், அவரையும் காணோம்.

மேனேஜர் நலம். வாசல் மிதியடியில் உட்கார்ந்து போகிற வருகிற எல்லாரையும் முகர்ந்து பார்த்துத்தான் உள்ளே விடுகிறான். என் வீட்டுக்காரர் வேலையிலிருந்து ஐந்து நிமிடம் தாமதமாக வந்தால்கூட ஒரு முறைப்பு. நீ சொல்லிக்கொடுத்தபடி மாத்திரையைக் கையால் வாயில் வைத்து, தாடையை மூடி, தொண்டையைத் தடவிக்கொண்டே பத்து எண்ணுகிறேன். சரியாக ஒன்பதில்தான் விழுங்குகிறான். வேண்டுமென்றே செய்கிறான் என்று நினைக்கிறேன்.

உன் குட்டி


பிப்ரவரி 26

அன்புக் குட்டிக்கு,

தபால் படகு பதினைந்து நாளைக்கு ஒன்று. உன் கடிதம் பாதி நனைந்து வந்தது. ஃபோன் டவர் "அடுத்த மாசம்" வந்துவிடுமாம். நான் வந்ததிலிருந்து அதே அடுத்த மாசம்தான்.

உனக்கு "முடியாது" என்று சொல்ல வராது என்பது கம்பவுண்டருக்குத் தெரிந்துவிட்டது. பள்ளிக்கூடத்திலேயே ஊரார் நோட்டையெல்லாம் நீதானே எழுதிக்கொடுத்தாய். ஒரு பூனையோடு நிறுத்து. கைக்குழந்தைக்காரி நீ, மறந்துவிடாதே. மாப்பிள்ளையும் பாவம்.

நான் உன்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான், அந்த மாத்திரை. காலையும் இரவும், ஒரு வேளைகூடத் தப்பக்கூடாது. தொடர்ந்து தப்பினால் வலிப்பு வரும், வந்தால் நிற்காது. உன் அத்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போன பிறகு, நான் டியூட்டி முடிந்து வருகிற வரைக்கும் வாசலில் விழித்திருந்தது அவன் ஒருத்தன்தான். ஜூனில் வந்து கூட்டிக்கொண்டு போகிறேன். அதுவரை பார்த்துக்கொள்.

அக்கா


மார்ச் 14

அன்புள்ள அக்காவுக்கு,

திட்டமாட்டேன் என்று சொன்னால்தான் சொல்வேன். சரி, சொல்லிவிடுகிறேன். இப்போது ஐந்து.

இரண்டு பூனைக்குட்டிகளை யாரோ அட்டைப்பெட்டியில் போட்டு நம் வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். மழையில் பெட்டி ஊறிப்போயிருந்தது. நான் என்ன செய்ய? அப்புறம் ஆறு மாத நாய்க்குட்டி ஒன்று, பெயர் புயல். வந்த அன்றே பாப்பாவின் தொட்டில் துணியைக் கிழித்தான், அவருடைய ஷூவில் ஒன்றைத் தின்றான். "இன்னொன்னையும் தின்னுட்டா ஜோடி சேர்ந்துடும், விடு" என்றார் அவர். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

இடுப்பில் பாப்பாவை வைத்துக்கொண்டே அடுக்களையில் ஐந்து தட்டுகளையும் வரிசையாகப் பரப்பிவிடுகிறேன். மேனேஜர் மட்டும் விருந்து கொடுக்கிற வீட்டுக்காரன் மாதிரி தள்ளி நிற்கிறான். மற்றவர்கள் வயிறு நிறைந்த பிறகுதான் தன் தட்டுக்கு வருகிறான். மாத்திரை வேளை தவறாமல் போகிறது, கவலைப்படாதே.

ஒரு நல்ல செய்தி. பத்து நாளாகப் புயல் அடங்கிவிட்டான். சாப்பிட்டால் தூக்கம், எழுந்தால் சாப்பாடு. எல்லாம் என் வளர்ப்பு என்று அவரிடம் பெருமையடித்துக்கொண்டேன்.

உன் குட்டி


மார்ச் 28

குட்டி,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். ஆறு மாதக் குட்டி நாளெல்லாம் தூங்காது.

மாத்திரையை மேனேஜர் தட்டில் வைக்கிறாயா? அவன் தள்ளி நிற்கிறான் என்று நீயே எழுதியிருக்கிறாய். அந்த மாத்திரைக்குத் தூக்கம் வரும், அதுவும் சின்ன உடம்புக்கு. இதைப் படித்த கையோடு எழுந்து போய் அவனுக்குக் கையால் கொடு. விழுங்கியிருப்பான் என்று நினைத்துக்கொள்ளாதே, விழுங்கியதைக் கண்ணால் பார். இரண்டு பேரையும் டாக்டரிடம் காட்டு.

கோபத்தில் எழுதவில்லை. பயத்தில் எழுதுகிறேன்.

அக்கா


ஏப்ரல் 12

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வீணாக மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. மாத்திரை கையால்தான். டாக்டரிடம் காட்டியாயிற்று. மேனேஜர் நலம்.

பாப்பாவுக்குக் கீழே இரண்டு பல் வந்திருக்கிறது. பெரியம்மாவைக் கடிக்கத் தயாராக இருக்கிறாள். வேறு விசேஷம் இல்லை.

உன் குட்டி


ஏப்ரல் 27

அன்புக் குட்டிக்கு,

படகிலிருந்து கடிதத்தை வாங்கி அங்கேயே நின்று படித்தேன். "மேனேஜர் நலம்" என்ற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். உன்னைச் சந்தேகப்பட்டதற்கு மன்னித்துவிடு. ஆஸ்பத்திரியில் தினம் கெட்டதையே பார்த்துப் பார்த்து எனக்குப் புத்தி அப்படிப் போகிறது.

கரைக்கு மாற்றல் உத்தரவு வந்துவிட்டது. வீடும் சொல்லிவைத்துவிட்டேன். "நாய் உண்டா?" என்று இங்கே வேலையாக வந்திருந்த அந்த வீட்டின் சொந்தக்காரர் கேட்டார். "நாய் இல்லைங்க, மேனேஜர்" என்றேன். சிரித்துவிட்டு ஒத்துக்கொண்டார். வாசலுக்கு ஒரு நல்ல மிதியடிகூட வாங்கிவிட்டேன். ஜூன் முதல் வாரம் வருகிறேன்.

அக்கா


மே 8

அக்கா,

மறுபடியும் இந்நேரத்தில்தான் எழுதுகிறேன், மன்னித்துக்கொள். பகலில் நாலு தடவை எழுத உட்கார்ந்து, நாலையும் கிழித்துப் போட்டேன்.

மேனேஜர் இல்லை. ஏப்ரல் ஏழாம் தேதி போய்விட்டான். நான் உனக்கு "நலம்" என்று எழுதியபோது ஐந்து நாள் ஆகியிருந்தது.

நீ நினைத்ததுதான் நடந்தது. ஐந்து பேர் ஆனதும் ஒவ்வொரு வேளையும் உட்கார்ந்து பத்து எண்ண எனக்குப் பொறுமை இல்லாமல் போனது. கோழிக்கறியை உருட்டி, அதற்குள் மாத்திரையை வைத்து, அவன் தட்டில் போட்டேன். தட்டு காலியானதைத்தான் பார்த்தேன், யார் காலி செய்தது என்று பார்க்கவில்லை. அவன் தள்ளி நின்று புயலுக்கு விட்டுக்கொடுத்தான்.

உன் எச்சரிக்கைக் கடிதம் ஏப்ரல் நாலாம் தேதியே வந்துவிட்டது. பாப்பாவுக்குக் காய்ச்சல், பூனைக்குட்டிகளுக்கு வயிற்றுப்போக்கு. சாவகாசமாகப் படிக்கலாம் என்று ஃபிரிட்ஜ் மேல் வைத்தேன். ஏழாம் தேதி காலையில் வலிப்பு வந்தது, நிற்கவில்லை. அவர் போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு ஓடினார். "மாத்திரை ஒழுங்கா குடுத்தீங்களா?" என்று டாக்டர் அங்கிருந்து எனக்கு ஃபோன் போட்டுக் கேட்டார். "ஒரு வேளைகூட விடலை சார்" என்று பாப்பாவின் தலையில் கை வைத்துச் சொன்னேன். மத்தியானம் அவர் வெறும் போர்வையோடு திரும்பி வந்தார். மறுநாள்தான் உன் கடிதத்தைப் பிரித்தேன்.

அதைப் படித்துவிட்டு டாக்டரிடம் ஓடி உண்மையைச் சொன்னேன். அவர் புயலுக்கு மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க எழுதிக்கொடுத்தார். இப்போது அவன் பழையபடி வீடு முழுக்க ஓடுகிறான், துணியைக் கிழிக்கிறான். என்னால் அவனைத் திட்ட முடியவில்லை.

போன வாரம் கம்பவுண்டர் இன்னொரு பெட்டியோடு வந்தார். "ரெண்டே நாள்மா" என்றார். "முடியாதுங்க" என்றேன். அவ்வளவுதான், "சரிம்மா" என்று திரும்பிப் போய்விட்டார். அந்த ஒரு வார்த்தை இவ்வளவு சுலபம் என்று எனக்கு முன்னமே தெரிந்திருக்கலாம்.

பொய் எழுதியதற்கு என்னிடம் காரணம் இல்லை. ஜூனில் நீ வாசலில் வந்து நிற்கும்போது தெரிந்துகொள்ளட்டும் என்றுகூட ஒரு நாள் நினைத்தேன். நீ மிதியடி வாங்கியதைப் படித்த பிறகு அது முடியவில்லை.

இங்கே அவன் மிதியடி அப்படியே கிடக்கிறது. மற்ற நாலும் அதன்மேல் படுப்பதில்லை. அவர் வேலைக்குப் போகும்போது அதைத் தாண்டித்தான் போகிறார்.

நீ வராமல் இருந்தாலும் எனக்குப் புரியும். என்ன எழுத வேண்டுமோ எழுது, திட்டியே எழுது. அடுத்த படகு இருபதாம் தேதி என்று தபால் ஆபீஸில் கேட்டுவைத்திருக்கிறேன். இந்த முறை உன் கடிதம் ஃபிரிட்ஜ் மேல் போகாது.

சீக்கிரம் பதில் போடு.

குட்டி