பெற்றோரின் அனுமதி தேவை

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் நலம், வீட்டுக் கம்ப்யூட்டரும் நலம், நீயும் மருமகளும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். போன் இருக்கும்போது அம்மா ஏன் காகிதத்தில் எழுதுகிறாள் என்று நெற்றியைச் சுருக்குவாய். போனில் நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் நீ நாலு வார்த்தை சொல்லி என் வாயை அடைத்துவிடுகிறாய், அதுதான் காரணம். காகிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது, இதைத் திறக்க யாருடைய அனுமதியும் வேண்டாம். விஷயத்துக்கு வருகிறேன். நீ அங்கிருந்தபடியே நம் கம்ப்யூட்டரில் போட்டுவைத்த ஆன்டிவைரஸை எடுத்துவிட்டேன். கை தவறிப் போய்விடவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, நிதானமாக உட்கார்ந்து, தெரிந்தேதான் எடுத்தேன். அதற்குப் பதிலாக நானே பார்த்துத் தேர்ந்தெடுத்த வேறொன்றைப் போட்டிருக்கிறேன். குதிக்காதே, மீதியையும் படி.

போன வருடம் திரை முழுக்கச் சிவப்பாகி, ஆம்புலன்ஸ் மாதிரி அலறி, உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்துவிட்டது, உடனே இந்த எண்ணுக்குப் பேசுங்கள் என்று வந்ததே, அன்றைக்கு நடந்ததை நீ உன் இஷ்டத்துக்கு ஞாபகம் வைத்திருக்கிறாய். அந்த எண்ணை அழுத்தப் போனவர் உன் அப்பா. வேலை பார்த்த காலமெல்லாம் லிஃப்ட் ரிப்பேர் செய்தவர், பொத்தான் என்று ஒன்று கண்ணில் பட்டால் அமுக்கிப் பார்க்காமல் அவருக்கு இருப்புக்கொள்ளாது. அவர் கையிலிருந்து போனைப் பிடுங்கி, சுவரிலிருந்து ப்ளக்கை உருவியவள் நான். ஆனாலும் மறுநாளே நீ இரண்டு பேரையும் ஒன்றாகக் கட்டி, தூரத்திலிருந்தே உள்ளே வந்து, எதையோ இறக்கி, எதற்கெல்லாமோ பூட்டுப் போட்டாய். திரையில் அம்புக்குறி தானாக நகர்ந்ததைப் பார்த்ததும் அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "பையன் வந்துட்டான் பாரு" என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். அந்த அம்புக்குறியைப் பார்த்து "அங்க மழையாடா?" என்றுகூடக் கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது, அவர் சிரிக்கவில்லை.

நானும் அப்போது, பிள்ளை அக்கறையாகச் செய்கிறான் என்று விட்டுவிட்டேன். அதன் பிறகு இங்கே ஏதாவது ஏடாகூடமாக வந்தால் உன் போனுக்கு எச்சரிக்கை போகும், நீ உடனே கூப்பிட்டு எங்களைக் காய்ச்சி எடுப்பாய். ஆரம்பத்தில் எப்போதாவது ஒன்று, பிறகு வாரத்துக்கு ஒன்று, அப்புறம் ஒரு நாள் விட்டு ஒரு நாள். ஒவ்வொரு தடவையும் பழி என் தலையில். "அம்மா, நாள் முழுக்க கம்ப்யூட்டர்ல உக்காந்திருக்கறது நீதான், கண்டதையும் கிளிக் பண்ணாதன்னு எத்தனை வாட்டி சொல்றது" என்றாய். நான் எதையும் தொடவில்லை என்று சத்தியம் செய்தேன், நீ நம்பவில்லை. நம்பாததோடு விட்டாயா, பூட்டை இன்னும் இறுக்கினாய். உனக்குத் தெரியாத எந்த இடத்துக்கும் நாங்கள் போகக் கூடாது, உனக்குத் தெரியாத எதையும் திறக்கக் கூடாது.

அதனால் என்ன ஆனது என்று உனக்கு முழுதாகத் தெரியாது. நாய் பூனைகளுக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டரம்மா ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் வாயால் பேசிப் பதிந்து அனுப்புவார், நான் கேட்டுத் தட்டச்சு செய்து திருப்பி அனுப்புவேன், அதைப் பார்த்துத்தான் மேற்கொண்டு மருந்து கொடுப்பார்கள் என்பது உனக்குத் தெரிந்த கதைதான். போன மாதம் அவர்கள் பதிவுகளை அனுப்புகிற இடத்தை மாற்றினார்கள். அன்று காலை வயிற்றில் கட்டி உள்ள ஒரு நாயைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும், காகிதம் உடனே வேண்டும். நான் பதிவைத் திறந்தால் திரை நடுவில் ஒரு கட்டம், அதில் பெற்றோரின் அனுமதி தேவை என்று இருக்கிறது. யாருக்கு யார் பெற்றோர் என்று ஒன்றும் புரியாமல் உள்ளே போய்ப் பார்த்தேன். பெற்றோர் என்ற இடத்தில் உன் பெயர். அதன் கீழே குழந்தை ஒன்று, உன் அப்பா. குழந்தை இரண்டு, நான். உன்னை வயிற்றில் சுமந்து பெற்று, மூக்கைச் சிந்திவிட்டு, பள்ளிக்கூட வாசல் வரை இழுத்துக்கொண்டு போனவள் உனக்கு இரண்டாவது குழந்தை! அதிலும் ப்ளக்கை உருவியவள் இரண்டாவது, போனை அழுத்தப் போனவர் முதலாவது. உன் போனில் மணி அடித்துக்கொண்டே இருந்தது, அங்கே உனக்குத் தூங்குகிற நேரம். செருப்பை மாட்டிக்கொண்டு கிளினிக்குக்கே ஓடினேன். கூண்டுகளுக்கு நடுவில், சிறகு ஒடிந்த கிளி ஒன்று என் காதுக்குள் கத்திக்கொண்டிருக்க, அவர்கள் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அடித்துக் கொடுத்தேன். நாய் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனது, பிழைத்தும் விட்டது. ஆனால் டாக்டரம்மா என் தோளில் கை வைத்து, "அக்கா, உங்களுக்குச் சிரமமா இருந்தா கொஞ்ச நாளைக்கு வேற யார்கிட்டயாவது குடுக்கட்டுமா?" என்றார். எவ்வளவு இதமாகக் கேட்டார் தெரியுமா? இந்த வேலை எனக்குப் பொழுதுபோக்கு இல்லை. காலையில் எழுந்ததும் என்னை எதிர்பார்த்து ஒருவர் இருக்கிறார் என்ற நினைப்பு அது. அதை விட்டுக்கொடுக்க நான் தயாராக இல்லை, உனக்காகக்கூட இல்லை.

அந்த வாரமே இன்னொரு குட்டும் உடைந்தது. காய்கறி வாங்கப் போனவள் பையை மறந்துவிட்டுப் பாதி வழியில் திரும்பி வந்தேன். உன் அப்பா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். தலையைப் படியச் சீவி, விசேஷத்துக்குப் போடுகிற கோடு போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு, பக்கத்தில் போனை நிறுத்தி வைத்துக்கொண்டு, ஒற்றை விரலால் எதையோ தட்டுகிறார். திரையில் உங்களுக்குக் கார் பரிசு விழுந்திருக்கிறது என்று ஒரு படம் குதித்துக்கொண்டிருந்தது. அதை அமுக்கிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது, நீதான். இரண்டாவது மணி வரை விட்டுவைத்து, ஒன்றும் தெரியாதவர் போல எடுத்து, "என்னப்பா, எப்படி இருக்க?" என்றார். கதவருகில் என்னைப் பார்த்ததும் திருதிருவென்று விழித்தார். நீ அந்தப் பக்கம் என்னைத் திட்டிக்கொண்டிருந்தாய். அவர் போன் திரையில் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நான் கேட்டதற்கு, "சும்மா கூப்பிட்டா வேலையா இருக்கேன்ப்பாங்கறான், இதுக்குன்னா உடனே கூப்பிடறான்" என்றார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை. அவர் அமுக்கியதால் நீ பூட்டினாய், நீ பூட்டியதால் என் வேலை போகப் பார்த்தது. அவரை நன்றாகத் திட்டினேன். வாங்கிக்கொண்டார்.

அன்று மாலையே கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். கடைக்காரர் இருப்பதிலேயே பெரிய பெட்டியை எடுத்து வைத்து, "இதுல எல்லாமே இருக்கும்மா, பெரியவங்க என்ன பாக்கறாங்கன்னு பிள்ளைங்க அங்கேருந்தே பாத்துக்கலாம்" என்றார். முதலில் அதை எடுத்த இடத்திலேயே வையுங்கள் என்றேன். வேலை நடுவில் வந்து வழியை மறிக்குமா, சந்தேகம் வந்தால் யாரிடம் சொல்லும், வேண்டாம் என்றால் முரண்டு பிடிக்காமல் வெளியே போகுமா என்று கேட்டேன். கடைசிக் கேள்வியை யாரும் கேட்டதில்லையாம். சரி, உங்கள் வீட்டில் எது போட்டிருக்கிறீர்கள் என்றேன். "வீட்டுக் கம்ப்யூட்டரை என் சம்சாரம் என்னைத் தொடவிட மாட்டாங்கம்மா" என்றார். அந்த அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லச் சொன்னேன். புதிதாக ஒன்று போடுவதானால் பழையதை எடுத்துவிட வேண்டும், ஒரே வாசலில் இரண்டு காவல்காரர்களை நிறுத்தினால் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொள்வார்கள் என்று அவர் சொன்னது நல்ல யோசனை. வீட்டுக்கு வந்து உன்னுடையதை எடுக்கப் போனால் பெற்றோரின் பாஸ்வேர்டைக் கேட்டது. உன்னைப் பெற்றவளுக்குத் தெரியாத பாஸ்வேர்டா? சின்ன வயதில் வயிற்றைத் தட்டிக்கொண்டு திரிவாயே என்று உன்னைக் கூப்பிட்ட பெயர், டும்மு, பக்கத்தில் பிறந்த வருடம். திறந்துகொண்டது. எங்களுக்குப் பாதுகாப்புப் பாடம் நடத்துகிற பெரிய மனுஷா, முதலில் அதை மாற்று.

பிறகு இரண்டு ஆன்டிவைரஸை ஒன்றன்பின் ஒன்றாக, காசு கட்டாமல் பரீட்சை பார்த்தேன். முதலாவது எனக்குக் காவல் இருந்ததைவிடத் தன்னைப் பற்றி விளம்பரம் செய்ததுதான் அதிகம், தட்டச்சு செய்ய உட்கார்ந்தால் நொடிக்கொரு தரம் தலையை நீட்டியது, அதற்கு வைரஸே தேவலை. போ என்றேன், போய்விட்டது. இரண்டாவது வாயைத் திறப்பதில்லை. டாக்டரம்மாவின் பதிவுகளைச் சோதித்துவிட்டு வழிவிடுகிறது. உங்கள் பார்சல் நிற்கிறது என்று வந்த ஒரு போலிக் கடிதத்தை மட்டும் பிடித்து என்னிடம் காட்டியது, தூக்கிப் போட்டேன். அதையே வைத்துக்கொண்டேன். தினமும் வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் தனி டிஸ்க்கில் ஒரு பிரதி எடுத்து அலமாரியில் வைக்கிறேன். அப்பாவுக்கு விளையாடத் தனிக் கணக்கு கொடுத்திருக்கிறேன், அங்கே எந்தப் பொத்தானை அமுக்கினாலும் என் வேலையைத் தொட முடியாது. டாக்டரம்மாவிடம் போய், வேறு யாருக்கும் கொடுக்க வேண்டாம், நான்தான் செய்வேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். நாளைக்கே நான் ஏமாறலாம், இல்லை என்று சொல்லவில்லை. நீ சைக்கிளிலிருந்து விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டு வந்தபோது சைக்கிளுக்குப் பூட்டா போட்டேன்? துடைத்து மருந்து போட்டு, பிரேக்கைப் பார்த்துவிட்டு, ஏறுடா என்றேன். எனக்கும் அவ்வளவுதான் வேண்டும். இனிமேல் இந்த வீட்டுக் கம்ப்யூட்டருக்குள் வர வேண்டுமானால் என்னைக் கேட்டுவிட்டு வா.

மற்றபடி இங்கே எல்லாம் வழக்கம்போல்தான். சமையலறைக் குழாய் ஒழுகியது நின்றுவிட்டது, அப்பா முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொள்கிறார், மாடிவீட்டுத் தையல்காரரின் மகள் பல் டாக்டருக்குப் படிக்கப் போகிறாள். நீ குனிந்தே வேலை பார்க்காதே, நடுவில் எழுந்து நட. மருமகளின் இருமல் விட்டதா? உங்கள் இரண்டு பேருக்கும் எங்கள் பரிபூரண ஆசீர்வாதம், எடுத்த காரியமெல்லாம் கைகூடி நீண்ட நாள் நன்றாக இருங்கள்.

ஒன்றே ஒன்று. புதியதைப் போட்டு முடித்ததும் அப்பா பக்கத்தில் வந்து நின்று, "இதுல ஏதாவது வந்தா அவனுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது, எனக்குத்தான் சொல்லும் என்றேன். சரி என்று போய்விட்டார். ஆனால் சாயங்காலம் ஆனால் இன்னும் தலை சீவி, அந்தக் கோடு போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டுதான் உட்கார்கிறார். உன் போனில் இனி எச்சரிக்கை எதுவும் வராது. நீயாகத்தான் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் கம்ப்யூட்டரைப் பற்றிப் பேசாதே, நான் இதை எழுதியதையும் சொல்லாதே. அங்கே மழையா என்று கேட்பார், பதில் சொல்.

இப்படிக்கு,
யாருடைய அனுமதியும் இல்லாமல்,
உன் அம்மா