ஐப்பசி இருபதுக்கு நேரே காலியிடம்

எத்தனை முறை கழுவியும் கையில் புளியங்கொட்டைப் பசை வாசனை போகவில்லை. நேற்றுக் காலை, சரக்கு அடுக்கும் என் கிட்டங்கியின் சுவரில் நம் பள்ளியின் புது வருச அட்டவணையை ஒட்டினோம். சண்டைக் காலம், நல்ல காகிதம் கிடைப்பதில்லை. மூட்டைச் சீட்டு எழுதுகிற பழுப்புத் தாள்களை ஒன்றோடொன்று ஒட்டி, அதன்மேல் பாப்பாத்தி எழுதியிருந்தாள். நீ கண்ணை மூடி இன்னும் ஒரு மாதம் முடியவில்லை. உன் எழுத்து இல்லாத முதல் அட்டவணை இது.

ஒட்டி முடித்துவிட்டு அவள் கடைசி வரியைத் தொட்டுக் காட்டினாள். "ஏனுங்கண்ணா, வாத்தியாரு ஐப்பசி இருபதுன்னு போட்டு, நேரா ஒண்ணுமே எழுதாம உட்ருக்கறாரு. வருசா வருசம் இப்படித்தான். பழசைப் பார்த்து நானும் அப்படியே எழுதீட்டன். என்ன நாளுங்க அது? அடிச்சுப் போடலாங்களா?"

"இருக்கட்டும்" என்றேன்.

அது என்ன நாள் என்று உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

நீ சந்தைக்கு வெளியே வேப்பமரத்தடியில் மனு எழுதிக்கொண்டிருந்த காலம் நினைவுக்கு வருகிறது. நான் அப்போதுதான் மூட்டை தூக்குவதை விட்டுவிட்டுக் கடலைக்காய் வாங்கி விற்க ஆரம்பித்திருந்தேன். எடை தெரியும், விலை தெரியும், ஆளைப் பார்த்தால் மனசு தெரியும். எழுத்து மட்டும் தெரியாது. சேலத்திலிருந்து வருகிற விலைக் காகிதத்தை உன்னிடம் தனியாகக் கொடுத்து வாசிக்கக் கேட்டுக்கொண்டு, பிறகு கிட்டங்கி வாசலில் நின்று, குடியானவர்கள் முன்னால் நானே வாசிப்பதுபோலச் சொல்வேன். நீ ஒருநாளும் அதைச் சிரிப்பாக்கவில்லை. "மொதலாளி வாசிச்சா ஊரே கேக்குது" என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொல்வாய். அவ்வளவுதான்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமைச் சந்தையில் பாப்பாத்தி ஒரு பத்திரத்தைக் கொண்டுவந்து உன் முன்னால் நீட்டினாள். "இதுல என்னங்க எழுதியிருக்குது? ரேகை வெக்கச் சொன்னாங்க, வெச்சன்." அவளுடைய மேட்டுக்காட்டு நிலம் இனி அவளுடையது இல்லை என்று எழுதியிருந்தது. நீ அதை வாசிக்கவே வேண்டியதில்லை. அது உன் கையெழுத்து. காட்டை வாங்கியவர் சொல்லச் சொல்ல நீ எழுதிக் கொடுத்தது. ரேகை வைக்கிறவளுக்கு வாசித்துக் காட்டுவார்கள் என்று நம்பி எழுதியது. "எழுதுனது நாந்தாங்க" என்றாய். நான் பக்கத்தில்தான் நின்றேன். அவள் மண்ணை வாரித் தூற்றப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் அந்தக் காகிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, "அப்ப எனக்குச் சொல்லிக் குடுங்க" என்றாள்.

நம் பள்ளியின் சரித்திரம் இவ்வளவுதான். யார் கேட்டாலும் நான் இதைத்தான் சொல்கிறேன்.

அன்றைக்கே என் கிட்டங்கியைக் கேட்டாய். "பங்குனித் தேருக்கு மேல காலியாத்தான கெடக்குது?" என்றாய்.

"உம் பொழப்புல நீயே மண்ணள்ளிப் போட்டுக்கறயேப்பா. எல்லாரும் எழுதப் பழகீட்டா உங்கிட்ட ஆரு வருவா?"

"ஆரும் வர வேண்டாம். அதுக்குத்தான்."

சர்க்கார் பள்ளிகள் ஜூனில் திறக்கட்டும் என்று விட்டுவிட்டு, நீ கிட்டங்கி காலியாகிற நாளைப் பார்த்து வருசத்தை வகுத்தாய். பங்குனித் தேர் முடிந்த மறுநாள் திறப்பு. செவ்வாய் சந்தை, பள்ளி இல்லை. வைகாசியில் திருச்செங்கோட்டுத் தேருக்கு மூன்று நாள் லீவு. ஆடியில் மழை விழுந்தால் விதைத்து முடிக்கும் வரை லீவு. விழாவிட்டால் பள்ளி உண்டு. புதுக் கடலைக்காய் வந்து கிட்டங்கி நிறைவதற்கு முன்னால், ஐப்பசி பத்தாம் நாள், கையெழுத்து நாள். அட்டவணையின் தலையில் ஒரே வரி: "இங்கே வருகிறவர், தாம் ரேகை வைத்த காகிதத்தைத் தாமே வாசிப்பார்." மூட்டை தூக்குகிறவர்கள், களை வெட்டுகிற பெண்கள், பேரன் எடுத்தவர்கள் எல்லாம் சாக்கு விரித்து உட்கார்ந்தார்கள்.

சேரும்போது பெரிய நோட்டில் ரேகை. படித்து முடித்தால் கையெழுத்து நாளில் எல்லார் முன்னாலும் நாலு வரி வாசித்துவிட்டு, அந்த ரேகைக்குப் பக்கத்தில் கையெழுத்து. அதற்குப் பக்கத்தில், 'பார்த்தவர்' என்ற இடத்தில், சாட்சியாக நீ கையெழுத்துப் போடுவாய். "சரக்கைப் பார்க்காம ரசீதுல கையெழுத்துப் போடாதீங்க" என்பது நீ எல்லாருக்கும் சொன்ன முதல் பாடம்.

திறப்பு நாளில் முதல் ரேகை என்னுடையது. இடம் கொடுத்தவர் மரியாதைக்கு வைக்கிறார் என்று கை தட்டினார்கள். நீ என் கட்டைவிரலை மையில் ஒற்றும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

மத்தியானங்களில், கதவைச் சாத்திக்கொண்டு, சாக்குப் பார்க்கிறோம் என்று ஆட்களிடம் சொல்லிவிட்டு, காலிச் சாக்குக் கட்டுகளுக்குப் பின்னால் எனக்குச் சொல்லிக் கொடுத்தாய். இரண்டே வருசத்தில் விலைக் காகிதத்தை நிஜமாகவே வாசித்தேன். ஆனால் எல்லார் முன்னாலும் அந்த நோட்டில் கையெழுத்துப் போட என்னால் முடியவில்லை. பயம்தான், மறைக்க என்ன இருக்கிறது. வாசிக்கத் தெரியாமல் வாசிப்பதுபோல நடித்தவன், விலையிலும் நடித்திருக்க மாட்டானா என்று குடியானவன் நினைத்துவிட்டால் என் வியாபாரம் என்ன ஆவது?

கையெழுத்து நாளில் எல்லார் முன்னாலும் கூப்பிட்டு என்னைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்றுதான், அது கழிந்து பத்து நாள் தள்ளி எனக்கென்று ஒரு நாள் வைத்தாய். ஒன்றும் எழுதாமல் வைத்தாய். ஒவ்வொரு ஐப்பசி இருபதுக்கும் நோட்டையும் மைக்கூட்டையும் எடுத்துவைத்துக்கொண்டு, வாசலைப் பார்த்து முக்காலியில் உட்கார்ந்திருப்பாய். "நாலு பேரு இருந்தாப் போதும். பத்து நொடி வேலை" என்பாய். எனக்கு அன்றைக்கென்று சேலத்தில் சாக்கு வாங்கும் வேலை வந்துவிடும்.

போன ஐப்பசியில் நீ இருமிக்கொண்டே உட்கார்ந்திருந்தாய். வண்டி பூட்டியாகிவிட்டது. "போயிட்டு வந்து போடறனப்பா" என்றேன். "சரி, நான் பார்த்துட்டன்னு வெச்சுக்கறன்" என்றாய். கேலி பண்ணுகிறாய் என்று நினைத்தேன். மாசியில் நீ இல்லை.

நேற்று எல்லாரும் போன பிறகு அந்த நோட்டை எடுத்துப் பார்த்தேன். முதல் பக்கம், முதல் வரி. என் ரேகை, மங்கிப்போய். அதற்குப் பக்கத்தில் காலியிடம். அந்தக் காலியிடத்தைத் தாண்டி, 'பார்த்தவர்' என்ற இடத்தில் உன் கையெழுத்து. எழுத்து நடுங்கியிருந்தது, போன ஐப்பசியில் போட்டதாகத்தான் இருக்க வேண்டும். சரக்கைப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதே என்று ஊருக்கெல்லாம் சொன்னவன், வாழ்நாளில் ஒரே ஒருமுறை அப்படிப் போட்டிருக்கிறாய். எனக்காக.

இன்று காலை பள்ளி திறந்தோம். புது ஆட்கள் ரேகை வைக்கும் முன்னால் நான் எழுந்து, எனக்கும் ஐப்பசி இருபது பாக்கி ஒன்று இருக்கிறது என்று சொன்னேன். சுவரில் இருந்த அட்டவணையையே நாலு வரி வாசித்தேன். கையெழுத்துப் போட்டேன்.

மூட்டை தூக்கும் பழனியப்பன்தான் முதலில் வாயைத் திறந்தான். "எங்களுக்குத் தெரியாதுங்களா மொதலாளி? ஒருக்காச் சேலத்துக் காயிதத்தைத் தலைகீழாப் புடிச்சுட்டு வெலை சொன்னீங்க. ஆனா வெலை சரியாத்தானுங்க இருந்துச்சு."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே உன் முக்காலிப் பக்கம் திரும்பிவிட்டேன்.

அவர்களுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. இத்தனை ஐப்பசியும் நான் ஒளிந்தது யாரிடமிருந்து? உன்னைத்தான் வீணாகக் காக்கவைத்திருக்கிறேன். பத்து நொடி வேலைதானப்பா. நீ சொன்னது சரி, பத்து நொடிகூட ஆகவில்லை.

மத்தியானம் பாப்பாத்தி மறுபடி கேட்டாள். "இப்பத் தெரிஞ்சுபோச்சுங்கண்ணா. இனி அந்த நாளை எடுத்தரலாங்களா?" வேண்டாம் என்றேன். புதிதாகச் சேர்ந்தவர்களில் ஒருத்தர் ரேகை வைத்ததும் விரலை வேட்டியில் அவசரமாகத் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் போனார். அந்த அவசரம் எனக்குத் தெரியும்.

இந்த ஐப்பசி இருபதாம் நாள் நான் சேலம் போகமாட்டேன். மைக்கூட்டைத் திறந்துவைத்துக்கொண்டு உன் முக்காலியில் உட்கார்ந்திருப்பேன், வாசலைப் பார்த்து.