மூன்றாவது பங்கு

பூம்ப்ளிஸ், பேர்ண்
24.11.2024

அன்பு மகள் ஹரிஷாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ சுகமாக இருக்க வேண்டும். தொலைபேசியில் கதைக்கும்போது அப்பா பக்கத்திலேயே இருப்பதால் எல்லாவற்றையும் சொல்ல முடிவதில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

இங்கே குளிர் தொடங்கிவிட்டது. நான் வேலை செய்யும் முதியோர் இல்லச் சமையலறையில் இரண்டு பேர் விடுப்பில். நீ அனுப்பிய படத்தில், வேலையிடத்தில் சூரிய மின்தகடுகளுக்கு நடுவே நிற்கிறாய். நன்றாகக் கறுத்துவிட்டாய், அழகாகத்தான் இருக்கிறது.

நீ பசிபிக் கடலிலுள்ள டோக்கெலாவுக்கு வேலைக்குப் போன நாளிலிருந்து அப்பாவுக்கு வேறு கதை இல்லை. மூன்று பவளத் தீவுகள், விமான நிலையம் கிடையாது, போக வரக் கப்பல்தான், நாட்டுத் தலைமைப் பதவி தீவுக்குத் தீவு மாறி வரும், வெளிநாட்டு மீன்பிடிக் கப்பல்களின் கட்டணமும் நியூசிலாந்து தரும் பணமும்தான் வருமானம். கோயிலில் காண்பவரையெல்லாம் மறித்துச் சொல்வார். அங்கே தன்னாட்சிக்கு இரண்டாம் முறை வாக்கெடுத்தபோது வெறும் பதினாறு வாக்குகள் குறைந்ததால் கிடைக்காமல் போனதாம். "அவையிட்டை ரெண்டு தரம் கேட்டவை. எங்களிட்டை ஒருக்காலும் கேக்கேல்லை" என்று முடிப்பார். சிவமலர் அக்கா, "அண்ணை, அங்கை எலெக்சன் கேக்கப் போறியளோ" என்று பகிடி பண்ணினா. நானும் சிரித்தேன். ஒரே மத்தியானத்தில் அவவுக்கே மூன்று தரம் சொன்னாரே என்று அப்போது யோசிக்கவில்லை.

போன செவ்வாய் ஜெனீவாப் பொலிசிடமிருந்து அழைப்பு வந்தது. பிரெஞ்சில் அப்பாவின் பெயர் மட்டும் விளங்கியது. கூட வேலை செய்யும் வேணுகாதான் வாங்கிக் கதைத்தாள். ஐ.நா. முன்றலில், பேரணி எதுவும் இல்லாத நாளில், அப்பா மழைக்குள் தனியே நின்றிருக்கிறார். எங்களுக்கும் அப்படி ஒரு வாக்கெடுப்பு வேண்டும் என்று கேட்கத்தான் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டு போய்க் கூட்டி வந்தேன். திரும்பும் ரயிலில் மெதுவாகச் சொன்னார்: "எவ்வளவு நேரம் நிண்டனான், பிள்ளையின்ரை கப்பல் வரேல்லை."

பிறகு வைத்தியரிடம் கூட்டிப்போனேன். அவர் மணிக்கூடு ஒன்று வரையச் சொன்னார். அப்பாவால் முடியவில்லை. இது எந்த ஆண்டு என்றும் தெரியவில்லை. ஆனால் மூன்று தீவுகளின் பெயரையும் பிழையில்லாமல் சொன்னார். மறதி நோய்தான், ஐம்பத்தெட்டு வயதிலும் வரும் என்றார் வைத்தியர். மருந்து அதை மெதுவாக்கலாமாம், நிறுத்தாதாம்.

இன்னும் இரண்டு வருடத்துக்கு வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்கட்டுமா என்று போன கிழமை கேட்டாய். உன் விருப்பம் என்றேன். இப்போதும் அதைத்தான் சொல்ல வேண்டும். உன் வேலையைக் கெடுக்க எனக்கு மனமில்லை.

அங்கே பிடித்த மீனைக் கரையில் வைத்து, கடலுக்குப் போகாத வீட்டுக்கும் சேர்த்துப் பங்கு வைப்பார்கள் என்று சொன்னாயே. அப்பா அதைப் பிடித்துக்கொண்டார். மீன் காய்ச்சும் நாளில் தானே மூன்று பங்கு போடுகிறார். மூன்றாவது சாப்பாட்டுக் கோப்பையை மூடி வைத்து, "இது ஹரிஷாக்கு" என்கிறார். அடுத்த நாள் அதை நான்தான் சாப்பிடுகிறேன். நேற்று மூடிய பிறகு கோப்பையைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, "சிவகலா, இது ஆருக்கு?" என்று கேட்டார்.

சொன்னேன். ஓம் ஓம் என்றார்.

நல்லூர்க் கந்தன் உன்னைக் காக்கட்டும். கடலில் கவனம். அடுத்த கப்பல் என்றைக்கு என்று மட்டும் எழுது, பிள்ளை. அப்பா கேட்கிறார்.

என்றும் உன்,
அம்மா