மூடி மாறிய கூவைமாவு

குட்டி,

இன்று காலை எதிர்வீட்டுப் பேரப்பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு என்று கூவைமாவு கேட்டு வந்தார்கள். கஞ்சிமாவு டின்னைத் திறந்தேன். பூலாங்கிழங்கு வாசம் அடித்தது. கூவைமாவில் பூலாங்கிழங்குப் பொடி கலந்து நீ முகத்துக்குப் பூசுகிற மாவு அது. பாதிக்கு மேல் காலி. மூடியில் நீ பொட்டு ஒட்டிவைத்த டின்னில் வெறும் கூவைமாவு நிரப்பியபடியே இருக்கிறது. டின்களைத் துடைத்த அன்றைக்கு மூடியை மாற்றிப் போட்டிருக்கிறேன். உன் கடைசி நாலு நாளும் நான் காய்ச்சிக் கொடுத்தது முகமாவுக் கஞ்சி. எனக்கோ அப்போது சளி, மூக்கில் ஒன்றும் தெரியவில்லை.

கேட்டவர்களுக்கு நல்ல மாவைக் கொடுத்தனுப்பிவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

நம்மைக் கட்டிய அண்ணனும் தம்பியும் சிங்கப்பூரில். இந்த வீட்டில் ஓரகத்திகள் நாம் இரண்டு பேர்தான். சம்பா அறுப்பு முடிந்ததும் கிணற்றடியில் கூவைக்கிழங்கு தோண்டுவோம். ஆணியடித்த தகரத்தில் நான் துருவுவேன், நீ பழைய வேட்டியில் வடிகட்டுவாய். மாவு படிந்து காய்ந்ததும் ஆரம்பிக்கும் சண்டை. வயிற்றுக்கு ஆகிறதை முகத்தில் அப்புகிறாயே என்று திட்டுவேன். கடைப் பவுடர் வேர்வையில் திட்டுத்திட்டாய் நிற்கும், இது நிற்காது என்பாய்.

"வயல்ல நிக்கிறவளுக்கு யாருக்குடி இந்த மினுக்கு?"

"கொக்குக்குத்தான்க்கா. அது மட்டும் வெள்ளையா இருக்கலாமா?"

வீட்டிலேயே வைத்துப் பாருங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிய பிறகு, வாயில் வைத்ததையெல்லாம் துப்பினாய். இந்தக் கஞ்சியை மட்டும் விழுங்கினாய். கண்ணை மூடிக்கொண்டு, "இன்னும் ஒரு வாய் குடுங்கக்கா" என்றாய்.

காரியத்துக்கு வந்த அத்தனை பேரிடமும் சொன்னேன், கடைசியில் என் கைக்கஞ்சிதான் அவளுக்கு இறங்கியது என்று. கொழுந்தனாரும் திரும்பப் போய்விட்டார். ஒருத்திக்காக உலை வைக்கவும் பிடிக்கவில்லை. அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டுதான் பொழுதைத் தள்ளினேன்.

மத்தியானம் நாட்டுமருந்துக் கடைக்குப் போய்க் கேட்டேன். பூலாங்கிழங்கு கொஞ்சம் உள்ளே போனால் கெடுதல் இல்லையாம். அந்தப் பயம் விட்டது. ஆனால் கசந்திருக்கும், குட்டி. நான் வருத்தப்படுவேன் என்றுதான் இன்னும் ஒரு வாய் கேட்டாயா? இல்லை, உனக்கு நிஜமாகவே பிடித்திருந்ததா?