அருள்புரத்து வீடுகளில் உன் பெயர்

நேற்று அருள்புரத்தில் ஒரு வீட்டுக்குப் புது லைன் இழுத்துவிட்டு, பைபர் நுனியைத் துடைக்க ஸ்பிரிட் பாட்டிலைத் திறந்தேன். வாசனை ஏறியதும் நீயே பக்கத்தில் வந்து நின்றது போலிருந்தது. உன் சட்டை, வண்டிச் சீட், நீ குடித்து வைத்த டீ கிளாஸ் எல்லாவற்றிலும் அந்த வாசனைதானே அடிக்கும். உன் நினைவு வந்தால் எனக்குக் கண் கலங்கும் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். கலங்குவதும் உண்டு. ஆனால் அதற்கு முன்னால் வயிறு எரிகிறது. இன்னும் எரிகிறது.

நாம் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் கேபிள் டிவி வயரைத் தோளில் போட்டுக்கொண்டு மாடி மாடியாக ஏறினோம். இண்டர்நெட் வந்ததும் அருள்புரம் உனக்கு, வீரபாண்டி எனக்கு என்று பேசிப் பிரித்துக்கொண்டோம். சண்டை சச்சரவு இல்லை. காலையில் பல்லடம் ரோட்டு பேக்கரியில் டீ குடிப்பதும் நிற்கவில்லை. யாருடைய லைனில் எந்தத் தெரு அடிவாங்கியிருக்கிறது என்று பேசிச் சிரித்துவிட்டுக் கிளம்புவோம்.

நமக்கு இண்டர்நெட் கொடுக்கும் கம்பெனி வேகத்தைப் பல மடங்கு கூட்டப் போவதாகச் சொன்னபோதுதான் எல்லாம் ஆரம்பித்தது. நான் மறுநாளே பேனர் அடித்தேன். பஸ் ஸ்டாப்பில், கோயில் வாசலில், பனியன் கம்பெனி கேட்டுகளில் கட்டினேன். மெயின் லைனை மாற்றி, எல்லாருடைய பிளானையும் உயர்த்திக் கொடுத்தேன். நீ பேனரும் கட்டவில்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை. தெருத்தெருவாக லைனை நிறுத்தி, பழைய வயரையெல்லாம் கழற்றி, வீட்டுக்குள் வரை பைபர் கொண்டுபோனாய். ஹாலில் எந்த ரவுட்டர் பெட்டி இருக்கிறது, அது எங்கே இருக்கிறது, அந்த வீட்டுப் போன் எவ்வளவு பழசு என்று பார்த்தாய். பக்கத்து நிட்டிங் மிஷின்களிலிருந்து பறந்து வந்த பஞ்சு ரவுட்டர் ஓட்டைகளில் அடைத்திருந்தால், உட்கார்ந்து பிரஷ்ஷால் தட்டி எடுத்தாய். ஏன் இவ்வளவு மெனக்கெடுகிறாய் என்று பேக்கரியில் கேட்டேன்.

"ஊட்டுக்குள்ள வழி பண்ணாம, ரோட்டு வரைக்கும் வேகத்தக் கொண்டாந்து என்ன பண்றது மாப்ள" என்றாய்.

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பு ரொம்ப நாள் தாங்கவில்லை. பிளான் கூடியும் வேகம் கூடவில்லை என்று வீரபாண்டியிலிருந்து போன் மேல் போன். அருள்புரத்தில் அப்படி ஒரு போனும் இல்லை என்று கேள்விப்பட்டேன். எரிச்சல் அன்றைக்கே தொடங்கிவிட்டது. ஆனால் உண்மையாகக் குத்தியது என் வீட்டில்தான்.

என் மகள் அப்போதுதான் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனிக்கு டீ-சர்ட் பிரிண்ட் டிசைன் செய்து கொடுக்கும் வேலையில் சேர்ந்திருந்தாள். வீட்டிலிருந்தே வேலை. சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையரோடு பேசும்போது படம் நின்று நின்று போயிற்று. டிசைன் பைல் பாதியில் அறுந்தது. இன்னொரு தடவை இப்படி ஆனால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று மேனேஜர் சொல்லிவிட்டாராம். என்னிடம் நாலைந்து முறை சொன்னாள். லைன் நன்றாகத்தான் இருக்கிறது, லேப்டாப்பைப் பார் என்று சொல்லிவிட்டு நான் ஊரார் வீட்டு லைனைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தேன்.

ஒரு மத்தியானம் சாப்பிட வந்தபோது வாசலில் உன் வண்டி நின்றது. நீ என் வீட்டு ஸ்டூல் மேல் ஏறி நின்று ஆணி அடித்துக்கொண்டிருந்தாய். பீரோவுக்குப் பின்னால் கிடந்த ரவுட்டரை ஹால் வாசலுக்கு மேலே மாட்டியிருந்தாய். நான் என்றைக்கோ இழுத்துவிட்ட லேன் வயர் சுருட்டித் தரையில் கிடந்தது. அந்த வயர் வழியாகப் புது வேகம் வரவே வராது என்பது எனக்கும் தெரிந்த விஷயம்தான். என் வீட்டில் நான் பார்க்கவில்லை, நீ பார்த்தாய். மகளுடைய லேப்டாப்பில் பழைய வைஃபைதான் இருக்கிறது என்று கண்டு, குட்டியாக ஒரு புது வைஃபை டாங்கிள் வாங்கி வந்து செருகியும் விட்டிருந்தாய். என் மனைவி உனக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"மாமாவக் கூப்புட்டேங்கப்பா. ஒரே மணி நேரத்துல சரி பண்ணீட்டாருங்க" என்றாள் மகள். அவள் முகத்தில் அவ்வளவு நிம்மதி. அந்த நிம்மதியை நான் கொடுத்திருக்க வேண்டும்.

நீ ஸ்டூலிலிருந்து இறங்கி, "உன்ர லைனுல ஒரு குறையுமில்ல மாப்ள, ஊட்டுக்குள்ளதான்" என்று என்னைக் காப்பாற்றப் பார்த்தாய். அதில் வயிறு இன்னும் எரிந்தது.

மறுநாளே இறங்கினேன். வீரபாண்டி முழுக்க வீடு வீடாக ஏறினேன். வயர் மாற்றினேன், பெட்டி மாற்றினேன், பீரோ இடுக்கிலும் டிவிக்குப் பின்னாலும் ஒளிந்திருந்த ரவுட்டர்களையெல்லாம் வெளியே இழுத்தேன். சாயப்பட்டறை மேனேஜர் வீட்டிலிருந்து வரிசையாகக் கட்டிய லைன் வீட்டு ஒற்றை அறைகள் வரை எதையும் விடவில்லை. சேவை மனப்பான்மை ஒன்றும் கிடையாது. உன்னை ஜெயிக்க வேண்டும், அவ்வளவுதான். முடித்த பிறகு உன்னை அழைத்து வந்து ஒரு வீட்டில் வேகத்தைப் பார்க்கச் சொன்னேன். நீ போனைப் பார்த்துவிட்டு, "எங்கூர விட ஜாஸ்தி வருது மாப்ள" என்று வாயெல்லாம் பல்லாகச் சிரித்தாய். உன் முகத்தை நன்றாகப் பார்த்தேன். துளிக்கூட எரிச்சல் இல்லை. ஜெயித்தும் எனக்கு ஒன்றும் கிடைக்காமல் போனது அங்கேதான்.

போன தை மாதம் நெஞ்சு வலி என்று கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போன நீ திரும்பி வரவில்லை. காரியம் முடிந்ததும் உன் மனைவி, அருள்புரத்து லைனை நானே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டார்கள். வேறு யாரையும் நம்பிக் கொடுக்க மாட்டேன் என்று நீ சொல்லியிருந்தாயாம்.

இப்போது வேகம் மறுபடியும் கூடியிருக்கிறது. நீ போட்ட பைபருக்கு ஒன்றும் ஆகவில்லை, இந்த வேகத்தையும் தாங்கும். நீ மாட்டிய பெட்டிகள்தான் தாங்காது. அவற்றை மாற்றத்தான் வீடு வீடாகப் போகிறேன். போகிற இடமெல்லாம் உன் பேச்சு. வீட்டிலேயே பவர்டேபிள் தையல் மிஷின் வைத்துப் பனியன் தைக்கும் ஓர் அம்மா, உன் பெட்டியைத் தொடவே விடவில்லை.

"அந்தண்ணன் மாட்டுனதுங்க. அது பாட்டுக்கு இருக்கட்டுமுங்க" என்றார்கள்.

பெட்டிக்குப் பக்கத்தில் நின்று அவர்கள் போனிலேயே வேகத்தைக் காட்டினேன். காசு கட்டுவது ஒரு வேகத்துக்கு, வருவது வேறு வேகம் என்று விளக்கினேன். அசையவில்லை. கடைசியில் எனக்குப் பிடிக்காத ஒன்றைச் சொல்ல வேண்டியதாயிற்று.

"அவன் இருந்திருந்தா இத மொதல்ல கழட்டியிருப்பானுங்க."

 சரியென்று, பெட்டிக்குக் கீழே கிடந்த பனியன் கட்டை நகர்த்தி வழிவிட்டார்கள். புதுப் பெட்டியை மாட்டி, தையல் அறை, சமையல்கட்டு, மொட்டை மாடி என்று எல்லா இடத்திலும் சிக்னல் பார்த்துவிட்டுக் கிளம்பும்போது, அச்சு அசல் உன்னைப் போலவே வேலை செய்வதாகச் சொன்னார்கள். நல்லெண்ணத்தில்தான் சொன்னார்கள். வீரபாண்டி வரும்வரை எனக்கு ஆறவில்லை. வேலை என் கை செய்தது, பெயர் உனக்குப் போயிற்று.

போன வாரம் ஒரு பெரிய கம்பெனி நம் ரோட்டில் ஆபீஸ் திறந்திருக்கிறது. என்னைவிட அதிக வேகம், இலவச இணைப்பு, கண்ணாடிக் கதவு எல்லாம் இருக்கிறது. நான் பொசுங்கிப் போவேன் என்று பேக்கரியில் எல்லாரும் என் முகத்தையே பார்த்தார்கள். நானும் எனக்குள் தேடிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. டீயைக் குடித்துவிட்டு வேலைக்குக் கிளம்பிவிட்டேன். இன்னொருவன் மேல் பொறாமைப்பட எனக்குள் மிச்சம் எதுவுமில்லை. இருந்ததெல்லாம் உனக்கே செலவாகிவிட்டது.