ஜெசிந்தா அண்ணியின் ‘போலாம் ரைட்’

எந்த வேலையையும் கெடுவுக்கு முந்தின நாளே முடித்து வைத்துவிடும் என் அன்பு அண்ணிக்கு,

நீங்கள் போய்ப் பதினான்கு மாதம் ஆகிவிட்டது. நம் இரண்டாவது கணினி ஆட்டத்தை நேற்றுச் செய்து முடித்துவிட்டோம். சென்னைக் கடைக்காரர் கொடுத்த கெடு இன்று. இதை முதலில் உங்களிடம்தான் சொல்ல வேண்டும்.

இப்போது அண்ணனும் நானும் திண்டிவனத்தில் இல்லை. விழுப்புரத்தில் ஒரு மாடி அறை, கீழே சைக்கிள் கடை. இரண்டு கணினி, இரண்டு டி.வி. காணையிலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் ருக்மணி படம் வரைகிறாள். அவள் உங்களைப் பார்த்ததே இல்லை, ஆனால் ஆட்டத்துக்காக நீங்கள் கட்டம் கட்டமாகப் படம் வரைந்து வைத்த கிராஃப் நோட்டுகள் அவளுக்கு மனப்பாடம். போர்டு மாட்டிய அன்று சைக்கிள் கடைக்காரர் அண்ணாந்து பார்த்துக் கேட்டார்: “ஏம்மா, நாள் முச்சூடும் வெளையாடிக்கினு இருக்கறதுக்கு ஒரு கம்பெனியா?” நீங்கள் என்ன பதில் சொல்லியிருப்பீர்கள்? நான் சிரித்துவிட்டு மேலே ஏறிவிட்டேன்.

அண்ணன் குவைத்திலிருந்து அந்தச் சின்னக் கணினியைக் கொண்டுவந்தபோது வீட்டில் யாருக்கும் அதை என்ன செய்வதென்று தெரியவில்லை. நீங்கள்தான் அதை டி.வி.யோடும் டேப்ரிக்கார்டரோடும் இணைத்து, கூடவந்த புத்தகத்தை என்னோடு வரிவரியாகப் படித்தீர்கள். ஞாயிற்றுக்கிழமை படம் பார்க்க வந்த எதிர்வீட்டு அக்கா, திரையில் ஒரு மஞ்சள் கட்டம் மட்டும் நகர்வதைப் பார்த்துவிட்டு, “படம் எப்பம்மா போடுவீங்க?” என்றார். “இதான்க்கா படம். ஈரோ பஸ்ஸு” என்றீர்கள். அவர் எழுந்து போய்விட்டார். அந்த மஞ்சள் கட்டம்தான் நம் முதல் ஆட்டம் ஆனது. திண்டிவனத்தில் கிளம்பி, கூட்டேரிப்பட்டில் ஆள் ஏற்றி, குறுக்கே வரும் கரும்பு டிராக்டருக்கு ஒதுங்கி, விழுப்புரம் போய்ச் சேர வேண்டும்.

ஆட்டத்தைக் கேசட்டில் ஒலியாகப் பதிந்து, அதை ஓட்டித்தான் கணினியில் ஏற்ற முடியும். ரஹீம் பாயின் பாட்டுப் பதியும் கடையில் விற்பனைக்காக முதன்முதலாக நாற்பது கேசட் பதியக் கொடுத்தோமே, நினைவிருக்கிறதா? ஒன்றுகூடக் கணினியில் ஏறவில்லை. கடைக்கு ஓடினோம். பாய் முகமெல்லாம் பெருமை.

“என்னா பாட்டும்மா அது, ஒரே கீச்சு கீச்சுனு கத்திக்கினு! நாந்தான் பேஸ ஏத்தி, எக்கோ போட்டு, கேக்கறாப்புல பண்ணி வச்சேன்.”

“பாய், அது பாட்டு இல்ல. பஸ்ஸு.”

“பஸ்ஸா? எக்கோ போட்டதுல கவுந்துடுச்சா?”

எனக்கு அழுகை வந்தது. நீங்கள் கடை வாசலிலேயே விழுந்து விழுந்து சிரித்தீர்கள். வீட்டுக்கு வந்ததும் டேப்ரிக்கார்டரை எடுத்து, நகல் எடுக்கக் கொடுக்கும் மூலக் கேசட்டில் ஆட்டத்துக்கு முன்னால் உங்கள் குரலைப் பதிந்தீர்கள். “வால்யூம் பாதியில இருக்கட்டும். பேஸு, எக்கோ எதையும் ஏத்தாதீங்க. முடியற வரைக்கும் கேசட்டைத் தொடாதீங்க. போலாம் ரைட்!” கணினி பேச்சைக் கண்டுகொள்ளாது. அதற்கு அப்புறம் வரும் கீச்சொலிதான் அதற்குக் கணக்கு. பாய்க்காகச் சொன்னது வாங்குகிறவர்களுக்கும் உதவியது. அதன்பின் ஒரு கேசட்டும் திரும்பி வரவில்லை. கடைகளில் நம் ஆட்டத்தின் பெயரைக் கேட்பதில்லை, ‘அந்தப் போலாம் ரைட் அக்கா கேசட்டு’ என்றுதான் கேட்கிறார்கள்.

பிறகு அந்த மஞ்சள் காமாலை. அதை இங்கே எழுதப்போவதில்லை.

இரண்டாவது ஆட்டம் நீங்கள் பாதி வரைந்து வைத்த பெண்ணையாற்று வெள்ளம்தான். திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் கரையில் நிற்பவர்களைத் தண்ணீர் ஏறுவதற்குள் அக்கரை சேர்க்க வேண்டும். அது வளர்ந்து இரண்டு பகுதி ஆகிவிட்டது. கரை முடிந்ததும் கேசட்டைத் திருப்பிப் போட்டால்தான் ஆறு வரும்.

போன வாரம் அதில்தான் அண்ணனுக்கும் எனக்கும் முட்டிக்கொண்டது.

“அவ குரல் இல்லாம நம்ம கேசட்டு வெளிய போவாது” என்றார்.

“இதுல பாதியில திருப்பணும்ணா. அண்ணி தொடாதீங்கன்னு சொல்றாங்க.”

“ஒரு சீட்டு அடிச்சி உள்ள வைப்போம்.”

“சீட்ட யாருண்ணா படிக்கிறாங்க?”

“அதுக்கின்னு அவள எடுத்துடுவியா நீ?”

ருக்மணி பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள். அண்ணனை எதிர்த்து நான் பேசியதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஆனாலும் சொன்னேன். “ஆட்டம் பாதியில நின்னா, அண்ணி தப்பா சொல்லிட்டாங்கன்னு ஆயிடும்ணா. அவங்க எதையும் தப்பா சொன்னதில்ல.”

அண்ணன் ஜன்னலுக்குப் போய்த் தெருவைப் பார்த்தார். திரும்பாமலே, “அப்ப நீ பேசு” என்றார்.

மாதா கோயிலில் பைபிள் வாசகம் வாசிக்கக்கூட முன்னால் போகாத என்னை! முதல் தடவை பதிந்ததைக் கேட்ட ருக்மணி, “அக்கா, ஆஸ்பத்திரியில நோயாளிகிட்ட பேசறாப்புல இருக்குது. கொஞ்சம் தகிரியமா!” என்றாள். ஒன்பதாவது தடவை சரியாக வந்தது. என் குரல் இவ்வளவு தெளிவானது என்று எனக்கே அன்றுதான் தெரிந்தது. ஆனால் அந்தக் கடைசி இரண்டு வார்த்தை மட்டும் வாயில் வரவில்லை. அது என்னுடையது இல்லை.

அண்ணன் உங்கள் மூலக் கேசட்டை எடுத்து வந்து, அந்த இரண்டு வார்த்தையை மட்டும் என் பேச்சின் முடிவில் சேர்த்தார். நான் பேசி நிறுத்துகிறேன், நீங்கள் ‘போலாம் ரைட்!’ என்கிறீர்கள், வெள்ளம் கிளம்புகிறது. எந்த ஆட்டத்துக்கும் அது தப்பாகாது. ரஹீம் பாய் நேற்று அதை இரண்டு தடவை கேட்டார். “எதையும் ஏத்தலம்மா, அப்பிடியே போட்டுத் தர்றேன்” என்றார்.

கடைக் கேசட்டுகளில் இருப்பது நகல், உங்கள் குரல் உள்ளபடி இருப்பது மூலக் கேசட்டில் மட்டும்தான். அது ஓட ஓடத் தேய்கிறது, அண்ணி. போன மாதம் நாடா ஒருமுறை சிக்கிக்கொண்டது. அதனால் அதன் முதுகில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் நாக்கை உடைத்துவிட்டேன், இனி அதன்மேல் யாரும் எதையும் பதிய முடியாது. ஓர் ஆட்டம் முடிந்தால் ஒரே ஒரு தடவை அதை ஓட்டுவது என்று மூன்று பேரும் பேசி வைத்திருக்கிறோம். இடையில் ஆசைப்பட்டும் ஓட்டக் கூடாது.

ஆகவே இனி உங்கள் குரலை உள்ளபடி கேட்க எங்களுக்கு ஒரே வழி, அடுத்த ஆட்டத்தை முடிப்பதுதான். முடிப்போம் அண்ணி, கெடுவுக்கு முந்தின நாளே.

உங்கள் நாத்தனார்,
அமலா